பல் போனது, வேறொன்றும் ஆகவில்லை

போன வாரம் எங்கள் வீட்டில் ஒன்றுமே நடக்கவில்லை.

அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள். ஒன்றுமே நடக்காமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு இருக்கிறதே... அதில் ஒரு கல்யாணத்தையே நடத்தி முடித்திருக்கலாம். கல்யாணம் என்றால் கடைசியில் தாம்பூலப் பையாவது கிடைக்கும். எனக்குக் கிடைத்தது, ‘ஒண்ணுமே ஆகலையே, அதுக்கா இவ்வளவு அமர்க்களம்?’ என்ற பாராட்டுதான்.

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரருக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள்.

‘பூ, இவ்வளவுதானா!’ என்று பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் தாராளமாகப் புரட்டலாம். எங்கள் கிட்வாய் நகர் பிளாக்கிலும் அதையேதான் சொன்னார்கள். பல் பிடுங்குவது ஒரு பெரிய விஷயமா? டில்லியில் பிளாட்பாரத்தில் துணியை விரித்து, பழைய பல் செட்டுகளைக் கடை பரப்பி வைத்திருக்கிறவர்கூட ஒரே இழுப்பில் பிடுங்கிப் போடுகிறார்.

ஆனால் என் மாமனார் பல் பிடுங்கித்தான் செத்துப் போனார்.

இதைச் சொன்னால் எல்லோருக்கும் முதலில் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். பிறகுதான் ‘அடடா’ வரும். திருச்சியில் காலையில் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, தானே சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்து, மோர் சாதம் சாப்பிட்டவர். மத்தியானம் கன்னம் வீங்கியது. பிறகு உதடு, நாக்கு. சாயங்காலம் தொண்டை. மூச்சு போக வழியில்லை. ‘பல்லுக்காரன் கை சரியில்லை’ என்று தெருவே தீர்ப்புச் சொல்லி, அந்தப் பல் டாக்டரை ஊரைவிட்டு ஓட வைத்தது. விஷயம் அத்துடன் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. மகனுக்கும் வீங்கும்.

மகன் என்றால் என் வீட்டுக்காரர். பெயர் சபாபதி. ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். திடீரென்று ஒரு நாள் வலது கை பூரி போல உப்பும். அரிப்பு கிடையாது, தடிப்பு கிடையாது. இரண்டு மூன்று நாளில் தானே வடியும். அடுத்த மாதம் மேலுதடு. எங்கள் பெண் செல்விக்கு ஏழு வயது, டில்லியிலேயே பிறந்தவள். அவள் தமிழில் யோசிப்பதற்குள் ஹிந்தி முந்திக்கொள்ளும். “அப்பா கா மூஹ் ஃபிர் மோட்டா ஹோ கயா!” என்று, அப்பா முகம் மறுபடி உப்பிவிட்ட செய்தியை பிளாக் முழுக்க அறிவித்துவிட்டு வருவாள்.

அறிவிப்பு வந்ததும் மருத்துவக் குழு கூடிவிடும். குளிர்காலத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் புல்வெளியில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு வெயில் காய்கிறவர்கள் யார் என்று நினைத்தீர்கள்? அத்தனை பேரும் ஸ்பெஷலிஸ்ட். ஒருத்தி கத்திரிக்காய் என்பாள். இன்னொருத்தி உடம்புச் சூடு என்பாள். கண் திருஷ்டி என்று ஒரு கட்சி. மார்பிள் மாதிரி சில்லிட்ட தரையில் வெறுங்காலோடு நடந்ததால் வந்த வாதம் என்று இன்னொரு கட்சி. கத்திரிக்காயை நிறுத்தினோம். வீங்கியது. செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தார். வீங்கியது. மிளகாய் சுற்றிப் போட்டோம்... நெடி வந்து எனக்குத்தான் கண் வீங்கியது.

ஒருமுறை வயிற்றுக்குள்ளேயே வீங்கியிருக்கிறது. அது யாருக்குத் தெரியும்? வலியில் சுருண்டு படுத்தவரைத் தூக்கிக்கொண்டு போனோம். அப்பெண்டிக்ஸ் என்று சொல்லி, ஒரு பாவமும் அறியாத குடல்வாலை வெட்டி எடுத்துவிட்டார்கள். அதை எங்களிடம் காட்டினார்கள் வேறு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

இப்படிப்பட்ட மனிதருக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகி, சீழ் பிடித்தால் என்ன செய்வார்? கிராம்பை வைத்து அமுக்குவார். அமுக்கினார். மாதக்கணக்கில் வீடே கிராம்பு வாடை. கடைசியில் என் நச்சரிப்பு தாங்காமல் மார்க்கெட்டில் இருக்கும் சர்தார்ஜி பல் டாக்டரிடம் வந்து உட்கார்ந்தார்.

டாக்டர் நல்ல மனிதர். ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, பொழுது போக்கக் கேட்பது போல, “வீட்டில் யாருக்காவது பல் பிடுங்கி ஏதாவது தொந்தரவு உண்டா?” என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தபடி தலையை ‘இல்லை’ என்று ஆட்டினார்.

“இவங்க அப்பா செத்துப் போயிட்டார்” என்றேன் ஹிந்தியில்.

சர்தார்ஜி ஊசியைக் கீழே வைத்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாற்காலியைக்கூட அவரே நிமிர்த்திவிட்டார். வீக்கக் கதை முழுவதையும் கேட்டுக்கொண்டு, “நான் தொட மாட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்” என்று சொல்லி, ஒரு டாக்டரம்மாவின் பெயரையும் கொடுத்தார். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா?

“உனக்கு எங்க எதைப் பேசணும்னே தெரியாது.”

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒரு பஞ்சாபிப் பெண்மணி. அதிகம் பேசமாட்டார். ரத்தத்தை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் நோயின் பெயரைச் சொன்னார். ஹெரடிட்டரி ஆன்ஜியோஎடிமா. இதை முழுசாகச் சொல்லி முடிக்கவே அரை நாள் லீவ் போட வேண்டும்.

ஆனால் விளக்கம் சுலபமாக இருந்தது. எல்லோருடைய ரத்தத்திலும் வீக்கத்துக்கு பிரேக் போடுகிற ஒரு புரதம் உண்டு. இவருக்கு அது பிறவியிலேயே குறைச்சல். அப்பா வழியாக வந்தது. கை காலில் வீங்கினால் வடிந்துவிடும், கவலையில்லை. வாயில் கத்தியோ குறடோ பட்டால் அந்தச் சீண்டலே போதும்... சில மணி நேரம் கழித்து வீக்கம் கிளம்பித் தொண்டைக்கு இறங்கலாம். இது அலர்ஜி இல்லை. அதனால் அலர்ஜிக்குப் போடும் ஊசிகளுக்கும் கட்டுப்படாது.

“அப்ப பல்லை அப்படியே விட்டுடலாமே, டாக்டர்” என்றார் இவர், லட்டு கிடைத்த மாதிரி.

விட முடியாதாம். உள்ளே இருக்கிற சீழே ஒரு நாள் வீக்கத்தைக் கிளப்பும். பிடுங்கத்தான் வேண்டும். ஆனால் வீக்கம் வந்த பிறகு ஓடாமல், வருவதற்கு முன்பே தடுக்க வேண்டும். அதற்கு ஒரு காப்ஸ்யூல் இருக்கிறது. டானசால். பல் பிடுங்குவதற்குச் சில நாள் முன்னாலிருந்து தினமும் சாப்பிட வேண்டும். பிடுங்கிய பிறகும் சில நாள். குறைவாக இருக்கிற புரதத்தை அது உடம்பிலேயே கொஞ்சம் கூட்டிவிடும்.

நான் கேட்ட அடுத்த கேள்வி செல்வியைப் பற்றி. அவளுக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், பாதிக்குப் பாதி என்றார் டாக்டரம்மா. முதலில் அப்பாவின் பல் வேலை முடியட்டும், அவளையும் சோதித்துப் பார்ப்போம் என்றார்.

காப்ஸ்யூலுக்காக முதலில் எங்கள் காலனி அரசாங்க டிஸ்பென்சரிக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டர் என் வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

“வீக்கம் எங்கே?”

“இப்போது இல்லை. வராமல் இருக்கத்தான் மருந்து.”

“வந்த பிறகு வாருங்கள்.”

என்ன தெளிவு பாருங்கள்! மூச்சு நின்ற பிறகு ஒரு நடை வந்தால் போதுமாம். வரிசையில்கூட நிற்க வேண்டியிருக்காது.

சரி என்று கன்னாட் பிளேஸ் பக்கம் ஒரு பெரிய மருந்துக் கடைக்குப் போனோம். கடைக்காரர் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காப்ஸ்யூல் டப்பாவை என் பக்கமாக நகர்த்தினார். நான் அதை எடுத்து இவர் கையில் கொடுத்தேன்.

“சாப் கே லியே?” கடைக்காரரின் புருவம் நெற்றிக்கு ஏறியது. “பெஹன்ஜி, யே தோ லேடீஸ் கீ தவாயி ஹை!”

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பெண்களுக்குக் கர்ப்பப்பைக் கோளாறுக்குத்தான் அந்த மருந்தை அதிகம் எழுதுவார்களாம். கடைக்காரர் அதையும் உரத்த குரலில் விளக்கினார். செக்‌ஷன் ஆபீசர் சபாபதியின் முகம் எந்த நோயும் இல்லாமலே சிவந்து உப்பியது. பஸ்ஸில் வரும்போது டப்பாவை கோட்டுப் பைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். ஆனால் தினமும் காலையில் தண்ணீர் டம்ளரும் காப்ஸ்யூலும் கொண்டுபோய்க் கொடுத்தால், “வச்சிட்டுப் போ, போட்டுக்கறேன்” என்பார். சமையலறையிலிருந்து திரும்பி வந்தால் டம்ளர் காலி. காப்ஸ்யூலும் இல்லை. ஆகா, என்ன சமர்த்து என்று மெச்சிக்கொண்டேன்.

இந்த இடத்தில் ஜி.என். சார் வர வேண்டும்.

டில்லித் தமிழர்களுக்கு இவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. உங்கள் காலனியிலும் ஒருவர் இருப்பார். என் வீட்டுக்காரருக்கு ஒரு காலத்தில் மேலதிகாரி. ரிட்டயராகி, லக்ஷ்மிபாய் நகரில் மகனுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸில் இருக்கிறார். கையெழுத்துப் போட ஃபைல் இல்லாத குறைக்கு ஹோமியோபதி படிக்கிறார். வீட்டு முன்னறையில் குட்டிக் குட்டி பாட்டில்கள். காலையில் இலவசமாகச் சர்க்கரை உருண்டை விநியோகம். வாங்காவிட்டால் வருத்தப்படுவார். ரிட்டயராகி எத்தனை வருஷமானால் என்ன? அவர் வருத்தப்பட்டால் எங்கள் வீட்டில் இன்னும் மெமோ வந்த மாதிரிதான்.

பல் பிடுங்குவதற்கு முந்தைய நாள் காலை. முன்னறை ஜன்னலில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு மணிபிளான்ட் வைத்திருக்கிறேன். தண்ணீர் மாற்றலாம் என்று பாட்டிலை எடுத்தேன். தண்ணீர் கலங்கலாக, பால் விட்ட மாதிரி இருந்தது. வேர்களுக்கு நடுவே ஏதோ வழவழவென்று... உப்பி, பிசுபிசுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.

காப்ஸ்யூல்கள். ஒன்று விடாமல்.

“என்னங்க இது?” என்று பாட்டிலைத் தூக்கிக்கொண்டு குளியலறை வாசலுக்கே போய்விட்டேன். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நின்றார்.

“அது வந்து... ஜி.என். சார் சொன்னாரு.”

“என்ன சொன்னாரு?”

“அவரு மருந்து சாப்பிடறப்போ இங்கிலீஷ் மருந்து எதுவும் கூடாதாம். ரெண்டும் க்ளாஷ் ஆயிடுமாம். அவரே கூப்பிட்டுக் கொடுக்கறப்ப எப்படி மாட்டேன்னு சொல்றது?”

“அப்ப என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீ கத்துவே.”

“இப்ப என்ன பாடறேனா?”

நுரையைத் துடைத்துக்கொண்டார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “அதுவுமில்லாம அது பொம்பளைங்க மருந்து. சாப்பிட்டா உடம்புக்கு என்னென்ன ஆகுமோ... உனக்கென்ன தெரியும்?”

அப்படிச் சொல்லுங்கள்! மேலதிகாரி பாதி, மீசை பாதி. உயிர் மட்டும் யாருடைய கணக்கிலும் வரவில்லை. எனக்கு வந்த கோபத்தில் பாட்டிலை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். மணிபிளான்ட் பாவம் என்று விட்டேன்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நான் பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா பாட்டிலைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். ஹிந்தியில் மிக மெதுவாகச் சொன்னார்:

“மிஸ்டர் சபாபதி, இது ஆண் ஹார்மோன் வகையைச் சேர்ந்த மருந்து. என்னிடம் இதைச் சாப்பிடுகிற பெண்கள் எல்லோருக்கும் ஒரே புகார்தான். மீசை முளைக்கிறதாம்.”

நான் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவேன், சிரித்தால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது.

இனிக் காப்ஸ்யூலுக்கு நேரமில்லை. தள்ளிப் போடவும் முடியாது. சீழ் தாடை எலும்புப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு வழி இருக்கிறது என்றார் டாக்டரம்மா. ரத்தத்திலிருந்து சிவப்பைப் பிரித்துவிட்டால் மிஞ்சுகிற மஞ்சள் நீர், பிளாஸ்மா. மற்றவர்களுடைய பிளாஸ்மாவில் இவருக்குக் குறைவான அந்தப் புரதம் இருக்கிறது. பல் பிடுங்குமுன் அதை ஏற்றிவிட்டால் அந்த நாளைக்குக் கடன் வாங்கிய பிரேக். ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் பிளாஸ்மா தருவார்கள். பதிலுக்கு நம் தரப்பில் யாராவது ரத்தம் கொடுக்க வேண்டும். எந்த குரூப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

அட, இதென்ன பிரமாதம்! யோசனை கொடுக்க அத்தனை கை நீண்ட காலனியாயிற்றே என்று நம்பி வீட்டுக்கு வந்தேன்.

புல்வெளி காலியானதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ‘ரத்தம்’ என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஊசிகளும் நூல்கண்டுகளும் பைக்குள் போய்விட்டன. ஒரு வீட்டில் வீட்டுக்காரர் டூர் போயிருக்கிறார் என்றார்கள். அவருடைய தும்மல் உள்ளேயிருந்து கேட்டது. இன்னொரு வீட்டில், “எங்களுக்கென்னங்க, கொடுக்கலாம்தான். ஆனா நாங்க சுத்த சைவம். எங்க ரத்தம் அவருக்கு ஒத்துக்கணுமே?” என்றார்கள். என்ன கரிசனம்! மூன்றாவது வீட்டில் கதவையே திறக்கவில்லை. ரேடியோவை மட்டும் நிறுத்தினார்கள்.

லக்ஷ்மிபாய் நகருக்கும் போனேன். ஜி.என். சார் என்னை உட்காரச் சொல்லி, முழுக் கதையும் கேட்டார்.

“இதுக்கெல்லாம் ரத்தம் எதுக்கும்மா? நான் குடுத்த பில்ஸே போறும். சபாபதி சரியா முழுங்கறாரோல்லியோ?”

“சார், இவங்க அப்பா இதுலதான் போனாரு.”

“அது அந்தக் காலம். இப்போ ஒண்ணும் ஆகாது, பயப்படாதேங்கோ.”

“உங்க பையன் ஒரு நடை வந்து ரத்தம் கொடுப்பாரா?”

“அவனுக்கு ஆபீஸ்ல ஆடிட் நடக்கறதே...” என்று இழுத்தார். தனக்கு வயசு தாண்டிவிட்டது, இல்லாவிட்டால் தானே வந்திருப்பேன் என்றும் சொன்னார். எழுந்து வரும்போது சர்க்கரை உருண்டை பொட்டலம் ஒன்று கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். நானும் செக்‌ஷன் ஆபீசர் பெண்டாட்டிதானே.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோதுதான் எனக்கே உறைத்தது. ரத்தம் கொடுக்கிறவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? வீடு வீடாக ஏறி இறங்கினேனே, ஒரு வீட்டிலாவது பெண்களைக் கேட்டேனா? என் கையில் ஓடுவது என்ன, சாம்பாரா?

ரத்த வங்கியில் ஸ்டெல்லா சிஸ்டர் இருந்தார். பாளையங்கோட்டைக்காரி. டில்லிக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேலாகியும் தாமிரபரணித் தண்ணீர் பேச்சில் அப்படியே இருக்கிறது. எடை மெஷினில் ஏறச் சொன்னார்.

“நல்ல தாராளமா இருக்கியளேக்கா! ஒல்லிக்குச்சியா வந்தா திருப்பி அனுப்பிருவோம்லா.”

எங்கள் காலனியில் என் எடையைப் பற்றிக் கவலைப்படாத ஆளே கிடையாது. அதற்கு ஒரு மரியாதை கிடைத்தது அன்றைக்குத்தான்.

“யாருக்காக்கா?” என்று கேட்டுக்கொண்டே ஊசியைக் குத்தினார்.

“வீட்டுக்காரருக்கு. பல் பிடுங்கறாங்க.”

“பல்லு பிடுங்கவா?” என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். முடிந்ததும் டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். செல்வியை அன்றும் மறுநாளும் மேல் வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். அந்த நன்றியையும் சொல்லிவிட வேண்டும். ரத்தம்தான் தரவில்லை, சாதம் போட்டார்கள்.

மறுநாள் காலை வார்டில் இவர் கையில் ஊசி ஏறியது. மேலே பையில் வெளிறிய மஞ்சள் நீர்.

“இது யாரோடது?” என்றார்.

நான் கொடுத்தது பதில் ரத்தம். அது எந்தப் புண்ணியவானுக்குப் போயிற்றோ. இவர் கையில் இறங்கியது முகம் தெரியாத யாரோ ஒருவருடையது. இதையெல்லாம் பொறுமையாக விளக்கியிருக்கலாம்.

“என்னோடது” என்றேன்.

“உன்னோடதா? பொம்பளை...” என்று ஆரம்பித்தவர், என் முழங்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பை காலியாகும்வரை வேறு எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

பல் வெளியே வந்துவிட்டது. அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. அதன் பிறகுதான் நேரம் நகர மறுத்தது.

கட்டில் பக்கத்தில் பச்சைத் துணி மூடிய ஒரு தட்டு வைத்தார்கள். அது எதற்கு என்று கேட்டேன். தொண்டை அடைத்தால் கழுத்தில் வழி போட என்றார் டாக்டரம்மா. அவர் எதையும் சுற்றி வளைத்துச் சொல்கிறவர் அல்ல. “இவர் குரலைக் கவனியுங்கள். கரகரப்பாக மாறினால் உடனே கூப்பிடுங்கள். இவர் குரல் உங்களுக்குத்தானே நன்றாகத் தெரியும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

குரலைக் கவனிக்க வேண்டும் என்றால் பேச வேண்டுமே! வாயில் வைத்த பஞ்சை எடுத்ததும் “பேசுங்க” என்றேன்.

“என்ன பேச?”

“எதையாவது.”

என் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு விஷயம்தான் சரளமாக வரும். லீவ் ரூல்ஸ். எர்ன்ட் லீவில் ஆரம்பித்தார். ஹாஃப் பே லீவுக்கு வந்தார். லீவில் போனவர் லீவிலேயே லீவை நீட்டித்தால் என்ன ஆகும் என்று விளக்கினார். வீட்டில் இதை ஆரம்பித்தாரானால் நான் குக்கர் விசில் அடிக்கிறது என்று எழுந்து போய்விடுவேன். அன்றைக்குக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். அவர் அப்பாவுக்குக் கன்னம் வீங்கிய அதே மத்தியான வேளை வந்தது. போனது. மூன்று மணிக்கு மேல் இவர் குரல் லேசாகக் கம்மியது. நான் எழுந்தே விட்டேன்.

“தண்ணி குடு. தொண்டை காஞ்சு போச்சு” என்றார்.

அவ்வளவுதான். கொடுத்தேன். பாதித் தண்ணீரை அவர் ஸ்வெட்டரில் கொட்டினேன். பயந்தேன் என்று எழுத எனக்குப் பிடிக்காது. ஆனால் பயந்தேன். இந்த மனிதர் பேச்சை நிறுத்திவிடக் கூடாதே என்று அன்றைக்கு வேண்டாத தெய்வமில்லை. கல்யாணமான நாளாக நான் வேண்டிக்கொண்டதெல்லாம் இதற்கு நேர் எதிர்.

சாயங்காலம் வந்தது. அதுவும் போனது. இவர் லீவை முடித்துப் பென்ஷனுக்குள் நுழைந்து, டாக்டரம்மா வந்து டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்து, “இன்று இங்கேயே இருக்கட்டும், நன்றாக இருக்கிறார்” என்று சொல்லும்வரை பேசிக்கொண்டேயிருந்தார். மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பச்சைத் துணியை யாரும் எடுக்கவே இல்லை.

அதாவது, ஒன்றுமே நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் புல்வெளிக் குழு நலம் விசாரிக்க வந்தது. வாயைத் திறக்கச் சொல்லி, பல் இருந்த இடத்தை எட்டிப் பார்த்தார்கள். ஒரு சின்ன வீக்கம்கூட இல்லை. அவர்கள் முகத்தில் ஓர் ஏமாற்றம் ஓடி மறைந்ததைப் பார்த்தேன். “இதுக்கா வீடு வீடா ரத்தம் கேட்டீங்க?” என்றாள் ஒருத்தி. தும்மல்காரர் டூரிலிருந்து திரும்பிவிட்டிருந்தார். அவரும், “ஆஸ்பத்திரிக்காரங்க சும்மா பயமுறுத்துவாங்கம்மா” என்றார்.

நான் என்ன சொல்ல? இவருக்குத் தொண்டை அடைத்துப் போயிருந்தால் எனக்கு மரியாதை கிடைத்திருக்கும். ‘பாவம், அவ அன்னிக்கே சொன்னா’ என்றிருப்பார்கள். அந்த மரியாதை எனக்கு வேண்டாம் சாமி.

சாயங்காலம் ஜி.என். சாரே நேரில் வந்துவிட்டார். இவர் பதறி எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“பார்த்தேளா சபாபதி? நான் சொன்னேனோல்லியோ, ஒண்ணும் ஆகாதுன்னு! எல்லாம் நம்ம பில்ஸோட மகிமை.”

என் வீட்டுக்காரர் தலையாட்டினார். பழைய பழக்கம். காபி எடுத்து வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். முந்தின நாள் முழுக்க ஒரு குரலைக் கேட்டுக்கொண்டிருந்த காதுக்கு இதையும் கேட்கக் கொடுத்து வைத்திருக்கிறது பாருங்கள்.

அப்போது செல்வி வாயைத் திறந்து, கீழ்ப் பல் ஒன்றை விரலால் ஆட்டிக்கொண்டே உள்ளேயிருந்து ஓடி வந்தாள். “அப்பா, தேக்கோ! ஹில் ரஹா ஹை!”

பால் பல். விழுகிற வயசு.

“வாடி கண்ணா, தாத்தா பில்ஸ் தரேன். வலிக்காமலே விழுந்துடும், ஒண்ணுமே ஆகாது” என்று ஜி.என். சார் சட்டைப் பையிலிருந்து குட்டி பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தார். செல்வி கையை நீட்டினாள்.

அந்தச் சின்னக் கை மேல் இவர் கை வந்து மூடிக்கொண்டது.

“வேண்டாம் சார்.”

ஜி.என். சார் காது கேட்காதவர் போலப் பார்த்தார். இத்தனை வருஷ சர்வீஸில் சபாபதியிடமிருந்து அவர் கேட்டறியாத வார்த்தை அது. நானும்தான்.

“நாளைக்கு இவளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். ரத்தம் டெஸ்ட் பண்ணணும்.”

“பால் பல்லுக்குப் போயா? ஒண்ணும் ஆகாதுய்யா!”

“ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் சார் போறேன்.”

இதைச் சொல்லும்போது இவர் குரல் கரகரத்தது. இந்த முறை நான் டாக்டரைக் கூப்பிடவில்லை.

மணிபிளான்ட்டா? அமோகமாக இருக்கிறது. இன்னும் மீசை முளைக்கவில்லை. தினமும் பார்க்கிறேன்.